குன்னூரில் ஜென் பயில விரும்புவோருக்கு: வீடா, ஊர்க்குழுவா, பெருமாள்மலையா?

நீலகிரியில் வேலையும் குடும்பமும் உள்ள ஒருவர் ஜென் தியானத்தை முறையாகப் பயில முடிவு செய்தால், அவருக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. வீட்டிலேயே தனியாக அமரலாம். கைப்பேசி வழியாக எங்கோ நடக்கும் இணைய அமர்வில் சேரலாம். ஊரிலேயே நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வாரந்தோறும் கூடி அமரலாம். அல்லது பழனி மலையில், கொடைக்கானலுக்குச் சற்று முன்னால் பெருமாள்மலையில் இருக்கும் போதி ஜென்டோ என்னும் ஜென் தியான நிலையத்துக்குச் சென்று தங்கிப் பயிலலாம். குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கத்தில் இந்த ஆர்வத்தோடு வருபவர்களில் பெரும்பாலோர் கடைசி வழியைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். மலை, அமைதி, ஆசிரியர் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்னும்போது அப்படி விசாரிப்பது இயல்பே. ஆனாலும் நம்மைப் போன்றவர்கள் ஊர்க்குழுவில் தொடங்கி, பெருமாள்மலையைப் பின்னால் வைத்துக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொரு வழியின் நன்மை தீமைகளோடு சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் எதைப் பயிலப்போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஜாஜென் என்னும் அமர்வுத் தியானத்தின் உடல்முறையை அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். முழங்காலைவிட இடுப்பு சற்று உயர்ந்திருக்கும்படி திண்டின் முன்பாதியில் அமர்ந்து, முதுகை நிமிர்த்தி, மோவாயைச் சற்று உள்ளிழுத்து, வலக்கைமேல் இடக்கையை வைத்துக் கட்டைவிரல் நுனிகள் மெல்லத் தொடும்படி விட்டு, கண்களை மூடாமல் பார்வையை மட்டும் தாழ்த்தி, மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணி மீண்டும் ஒன்றுக்குத் திரும்ப வேண்டும். இடையில் எண்ணிக்கை தவறினாலும் ஒன்றுக்கே திரும்ப வேண்டும். ஓர் அமர்வு வழக்கமாக 25 நிமிடம். அதன்பின் சில நிமிடம் மெதுவான நடைத் தியானம். பிறகு மீண்டும் அமர்வு. சம்மணமிட முடியாதவர் நாற்காலியில் அமரலாம், அதில் குறைவு எதுவும் இல்லை. அலுப்புத் தட்டும் நாளிலும், மனம் நொந்த நாளிலும், ஒன்றுமே நடக்காத நாளிலும் அதே இடத்தில் போய் அமர்வதுதான் கடினம். ஆகவே நான்கு வழிகளையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: தொடக்க ஆர்வம் வடிந்து மூன்றாம் ஆண்டு வரும்போதும் உங்களை அமரவைக்கக்கூடியது எது?

வீட்டில் தனியாக அமர்வதற்குச் செலவு இல்லை, பயணம் இல்லை, யாரையும் கேட்க வேண்டியதும் இல்லை. எந்தக் குழுவில் சேர்ந்தாலும் தினசரிப் பயிற்சி வீட்டில்தான் நடக்கவேண்டும் என்பதால், இதைத் தவிர்க்கவும் முடியாது. ஆனால் இதை மட்டுமே நம்புபவர் இரண்டு இடர்களைச் சந்திக்கிறார். தலை கவிழ்ந்திருப்பதும் ஒரு தோள் சரிந்திருப்பதும் அமர்ந்திருப்பவருக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவர் அதை உடனே கண்டுகொள்வார். அதைவிடப் பெரிய இடர், இதமான அரைத்தூக்கத்தையே ஆழ்ந்த நிலை என்று எடுத்துக்கொள்வதும், பிடித்த நாளில் அமர்ந்து பிடிக்காத நாளில் விட்டுவிட்டு, விட்டது தனக்கே தெரியாமல் போவதும் ஆகும். தனிமையை ஆதரிப்பவர்கள் ஒன்பது ஆண்டுகள் சுவரை நோக்கி அமர்ந்த போதிதருமரைச் சொல்வார்கள். காஞ்சியிலிருந்து சென்றவர் என்று நம் மரபு கொண்டாடும் அவருடைய கதையிலேயே, ஹூய்கே என்பவர் வந்து பனியில் நின்று கேட்ட பிறகுதான் ஜென் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகத் தொடங்குகிறது.

இணைய அமர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கும், வெளியே நடமாட இயலாத முதியவருக்கும் அது உண்மையிலேயே உதவுகிறது. ஆசிரியரின் உரையைக் கேட்பதற்கும் பயன்படுகிறது. மற்றவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. நம் மலையில் மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போவது ஒரு காரணம். படத்தையும் ஒலியையும் அணைத்துவிட்டு எழுந்துபோனால் யாருக்கும் தெரியாது என்பது முக்கியமான காரணம்.

போதி ஜென்டோவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அமா சாமி என்று அறியப்படும் இயேசு சபைத் துறவி அருள் மரிய ஆரோக்கியசாமி அதை நிறுவினார். பர்மாவில் தமிழ்ப் பெற்றோருக்கு 1936-இல் பிறந்த அவர், ஜப்பானின் காமகுரா நகரில் யமடா கோஉன் என்னும் ஆசிரியரிடம் பயின்று, 1982-இல் கற்பிக்கும் தகுதி பெற்றார். பெருமாள்மலை நிலையம் 1996-இல் தொடங்கியது. அங்கே தங்குபவரின் நாள், அமர்வு, நடைத் தியானம், தோட்டத்திலோ சமையலறையிலோ செய்யும் உடலுழைப்பு, மௌனம் என்று முழுமையாகக் கட்டமைக்கப்பட்டிருக்கிறது. பல நாட்கள் தொடர்ந்து, காலை முதல் இரவு வரை அமரும் செஷின் என்னும் தீவிரப் பயிற்சியை ஊரில் சும்மா கூடும் ஒரு குழுவால் நடத்தவே முடியாது. ஆசிரியரோடு தனியறையில் நடக்கும் தோக்குசான் என்னும் சந்திப்பும் அப்படித்தான். சாவோசோ என்னும் பழைய சீன ஜென் ஆசான் ஒரு நாயைப் பற்றிச் சொன்ன ‘மூ’ போன்ற கோவான்களை, அதாவது தருக்கத்தால் விடை காண முடியாத புதிர்களை, எடுத்துக்கொண்டு பயில்பவர் தன் விடையை ஆசிரியர்முன் உடலாலும் சொல்லாலும் காட்டியாக வேண்டும். புத்தகத்தில் விடை தேடுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும். எனவே கோவான் வழியில் போக விரும்புபவருக்கு இன்று இல்லாவிட்டாலும் நாளை ஓர் ஆசிரியர் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தடை பயணத்திலும் விடுப்பிலும் இருக்கிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, கோவை, உடுமலை, பழனி வழியாக மறுபடியும் மலையேறிப் பெருமாள்மலை சேர 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. இரண்டு மலைப்பாதைகளையும் கடந்து பேருந்தில் போவதற்கு ஒரு பகல் முழுவதும் தேவை. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் கொடைக்கானலுக்குச் சொந்த வாகனத்தில் போகும் வெளியூர்க்காரர் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தேவை இல்லை. பள்ளி ஆசிரியருக்கு மே மாதம்தான் விடுமுறை, கொடைக்கானல் சாலையில் நெரிசல் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவு ஏற்பட்டால் திரும்பி வருவதே கேள்விக்குறியாகும். பச்சைத் தேயிலை பறிக்கும் முறை வந்துவிட்டால் சிறுவிவசாயி ஒருவரால் தோட்டத்தை ஒரு வாரம் விட்டுப்போக முடியாது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவரும் நினைத்த நேரத்தில் தொடர்விடுப்பு எடுக்க முடியாது.

இவற்றையெல்லாம் ஒருமுறை சமாளித்துப் போய்வந்துவிடலாம். திரும்பி வந்தபின் என்ன நடக்கிறது என்பதே எனக்குப் பெரிய கவலை. ஒரு வாரம் மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்கு அமர்ந்து, சமைத்து வைத்த உணவை மௌனமாக உண்டு வாழ்ந்தவர், குன்னூர் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் பால் வாங்குவதையும் பிள்ளையின் தேர்வையும் மேலதிகாரியின் அழைப்பையும் எதிர்கொள்கிறார். அங்கே அவரை அமரவைத்தது அவருடைய உறுதி மட்டும் அன்று. இடமும் ஒழுங்கும் உடனிருந்தவர்களும் சேர்ந்து அவரை அமரவைத்தார்கள். ஊரில் அவற்றில் ஒன்றுகூட இல்லாதபோது பயிற்சி சில வாரங்களில் தேய்ந்துபோகிறது; பிறகு அடுத்த தங்கலுக்கான ஏக்கம் மட்டும் மிஞ்சுகிறது. ஏக்கமே பயிற்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்வது மிகவும் வருத்தத்துக்குரியது.

பெருமாள்மலையின் மூலத்தையே பார்த்தாலும் ஊர்ப் பயிற்சிக்கு வலுவான சான்று கிடைக்கிறது. யமடா கோஉன் மனைவி மக்களோடு வாழ்ந்த இல்லறத்தார். தோக்கியோவில் ஒரு மருத்துவ நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர். காமகுராவில் தம் வீட்டை ஒட்டிக் கட்டிய தியானக்கூடத்தில்தான் கற்பித்தார். அலுவலகம் செல்வோரும், வெளிநாட்டினரும், ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீச்சிலிருந்து உயிர்தப்பிய ஹூகோ லசால் போன்ற கிறித்தவத் துறவிகளும் அங்கே வந்து அமர்ந்தார்கள். மாற்றுச் சான்றையும் மறைக்கக் கூடாது: 1243-இல் ஜப்பானிய ஜென் ஆசான் தோகன் கியோத்தோவை விட்டு எச்சிசென் மலைநாட்டுக்குப் போனார், அவருடைய ஏஹெய்ஜி மடம் அங்கேதான் எழுந்தது. ஆனால் அவர் துறவிகளைப் பயிற்றுவிக்கப் போனவர். சம்பளத்துக்கும் சந்தைக்கும் நடுவே இருப்பவர் தமக்கான முன்மாதிரியைக் காமகுரா வீட்டில் தேடுவதே பொருத்தம்.

நம் மண்ணிலும் இதற்கு முன்னோடி உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் இளமையில் வாழ்ந்தது இந்த நீலகிரியில்தான். 1870-களில் இங்கே அத்வைதானந்த சபையை நடத்தியவர், 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பியபின் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை அமைத்தார். உழைக்கும் மக்கள் குடியிருக்கும் இடத்திலேயே கூடும் சங்கமாகத்தான் அவர் காலத்தில் பௌத்தம் தமிழரிடம் மீண்டு வந்தது. அவர் ஜென் பயின்றவர் அல்லர். ஆயினும் புத்தம், தம்மம் இரண்டோடும் சங்கத்தையும் சேர்த்து மும்மணி என்று சொல்வதை அவர் முழுமையாக எடுத்துக்கொண்டார் என்பதை ஊர்க்குழு தொடங்குபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி ஊர்க்குழு. எங்கே கூடுவது என்பதே முதல் கேள்வி. உறுப்பினர் ஒருவரின் வீடு கதகதப்பாக இருக்கும். ஆனால் அந்த வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் விருந்தினர் வந்தாலும் அமர்வு நின்றுவிடும். சுமை முழுவதும் அந்த வீட்டுப் பெண்கள் மேல் விழும். சமுதாயக்கூடம் நிச்சயதார்த்தத்துக்கும் கருமாதிக்கும் திடீரென்று தேவைப்படும், அப்போது நாம் விட்டுக்கொடுப்பதே முறை. வகுப்பறையோ டியூஷன் சென்டரோதான் என் தேர்வு. நாங்கள் கூடுவது அப்படிப்பட்ட ஒரு மாடியறையில், சனிக்கிழமை காலை 7 மணிக்கு. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி அமர்கிறோம். முந்தின மாலை பலகையில் எழுதிய இயற்கணிதம் அப்படியே இருக்கும். ஒன்பதரை மணிக்கு வரும் பிள்ளைகளுக்கு அது வேண்டும் என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. பலகைக்கு எதிரே அமர்பவர் அதற்குக் கீழே சுண்ணாம்புத்தூள் படிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு மூச்சை எண்ணுகிறார். எட்டரைக்குள் பெஞ்சுகள் பழைய வரிசைக்கு வந்துவிட வேண்டும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் மலையூருக்கென்று தனிக் கவனம் தேவை. விடியும் முன்னரே அமர்வது ஜென் மடங்களின் வழக்கம். தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய நம் பாதைகளில் விடிகாலையிலும் இருட்டிய பிறகும் காட்டெருமையும் கரடியும் நடமாடுகின்றன. அந்த வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து யாரையும் இருட்டில் நடக்கவைக்கக் கூடாது. நன்றாக வெளிச்சம் வந்தபின் தொடங்கினால் போதும். ஞாயிறு காலையில் ஆலயத்துக்குப் போகிறவர்கள் குழுவில் இருந்தால் சனிக்கிழமையே நல்லது.

குளிரை அலட்சியப்படுத்தக் கூடாது. மார்கழி, தை மாதங்களில் சிமெண்டுத் தரையின் குளிர் கோரைப்பாயைக் கடந்து முழங்காலில் ஏறும். பாய்க்குமேல் மடித்த கம்பளியும், அதன்மேல் சதுர மெத்தையும், அதன்மேல் வட்டத் திண்டும் வேண்டும். ஜப்பானியத் திண்டுகளில் அடைக்கும் கபோக் என்பது நம் இலவம்பஞ்சுதான். உள்ளூர் மெத்தைக்கடையில் உயரத்தைச் சொல்லித் தைத்துக்கொள்ளலாம். இறுக்கமாக அடைக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சில மாதங்களில் தட்டையாகிவிடும். மழைக்காலத்தில் ஈரம் ஏறும், வெயில் தலைகாட்டும் நாளில் காயப்போட வேண்டும். குளிருக்குப் பயந்து மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து. மணமில்லாத கார்பன் மோனாக்சைடு வாயு சேர்வது அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. எவ்வளவு குளிரானாலும் ஒரு ஜன்னல் சிறிது திறந்திருக்கட்டும். ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு அமர்வதில் எந்தக் குறையும் இல்லை.

சத்தத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஊர் நடுவில் லாரி ஹாரன் அடிக்கும், சித்திரையில் தந்தி மாரியம்மன் திருவிழா மேளம் கேட்கும், மலை ரயில் கூவும். இதைக் குறையாகக் கருதுவோர் பெருமாள்மலையின் மௌனத்தைப் பெரிதாகச் சொல்வார்கள். தொடக்கத்தில் மௌனம் உதவுகிறது என்பது உண்மை. ஆனால் மேளம் காதில் விழும்போதே ‘மூன்று’ என்று எண்ணி அடுத்த மூச்சுக்குப் போகப் பழகியவர், வீட்டிலும் அலுவலகத்திலும் அந்தப் பழக்கத்தைக் கையோடு வைத்திருக்கிறார். இந்த ஒன்றில் ஊரமர்வை மலையமர்வைவிட மேலானதாகவே கருதுகிறேன்.

குழுவின் உண்மையான பலம் சிறு பொறுப்புகளில் இருக்கிறது. ஒருவர் கதவைத் திறப்பார், ஒருவர் பாய் விரிப்பார், ஒருவர் நேரம் பார்த்து மணி அடிப்பார், ஒருவர் தேநீர்க் குவளைகளைக் கழுவுவார். மாதந்தோறும் இவை கைமாறும். சாவி கையில் இருப்பவர் சோம்பலுக்காகப் படுத்திருக்க முடியாது, கீழே தெருவில் மற்றவர்கள் காத்திருப்பார்கள். வராதவரை அன்று மாலை யாராவது ஒருவர் போனில் அழைப்பார். காரணம் கேட்பதில்லை, “அடுத்த வாரம் வந்துருங்க அக்கா” என்பதோடு சரி. மூன்றாம் ஆண்டிலும் ஒருவரை அமரவைப்பது அந்த அழைப்புத்தான் என்பதை நான் அருகிலிருந்து பார்த்து வருகிறேன்.

ஆசிரியர் இல்லாத குழுவில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நன்றாகப் பேசத் தெரிந்தவர், தாம் கேட்காமலேயே குருவாக்கப்படுவார். இதை முதல் நாளிலேயே தடுக்க வேண்டும். அமர்வுக்குப் பின் தேநீர்ப் பேச்சு பதினைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது; யாரும் உரை நிகழ்த்தக் கூடாது; தியானத்தில் கண்ட அனுபவத்தைக் குழுவில் விளக்கவும் கூடாது, இன்னொருவர் அதை மதிப்பிடவும் கூடாது. அத்தகைய கேள்விகளைக் குறித்துவைத்துக்கொண்டு ஆசிரியரிடம் கொண்டுபோக வேண்டும். வாடகையைப் பங்கிட்டுக் கொடுத்துக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைப்பதும் அவசியம்.

ஊரில் மனவளக்கலை மன்றம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கண்மூடி, வழிநடத்துபவரின் குரலைப் பின்தொடர்ந்து செய்யும் தவம் ஒருவருக்குப் பொருந்தினால் அவர் அதிலேயே நிலைத்திருப்பது நல்லது. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வதில்தான் நட்டம். மதத்தைப் பற்றிய தயக்கத்துக்குப் போதி ஜென்டோவை நிறுவியவர் ஒரு கத்தோலிக்கத் துறவி என்பதே போதிய விடை. எங்கள் அறையில் திருநீறு இட்டவரும் ஜெபமாலை வைத்திருப்பவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்கிறார்கள். சூத்திரம் ஓதும்போது சேர்ந்து ஓதுவது அவரவர் விருப்பம்.

இந்த வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. கொடைக்கானலிலோ பண்ணைக்காட்டிலோ குடியிருப்பவருக்குப் பெருமாள்மலையே உள்ளூர் மாதிரி. அவர் நேராக அங்கே போகலாம். ஓய்வு பெற்று, பொறுப்புகள் முடிந்து, நீண்ட நாட்கள் தங்கக்கூடியவருக்கும் அதையே சொல்வேன். மன அழுத்தத்துக்கோ வேறு மனநோய்க்கோ சிகிச்சையில் இருப்பவர் செஷினில் சேருமுன் தம் மருத்துவரிடமும் ஆசிரியரிடமும் சொல்லியே ஆக வேண்டும். நீண்ட மௌனம் எல்லோருக்கும் எல்லாக் காலத்திலும் நன்மை செய்வதில்லை, மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

மற்றவர்கள் ஓராண்டு ஊர்க்குழுவில் அமர்ந்து, வீட்டில் தினம் ஒரு 25 நிமிட அமர்வும் நிலைப்பட்ட பிறகு பெருமாள்மலைக்கு எழுதலாம். எந்தத் தேதிகளில் செஷின், யார் நடத்துகிறார்கள், கட்டணம் என்ன, புதியவரைச் சேர்ப்பார்களா என்பவற்றை நிலையத்திடமே நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் முறை செஷினுக்குப் போகாமல் சாதாரண நாட்களில் சில நாள் தங்கிப் பாருங்கள். முழங்காலும் முதுகும் எவ்வளவு தாங்கும் என்பது அப்போது தெரியும். மழை ஓய்ந்து, கோடை நெரிசல் தொடங்காத தை முதல் மாசி வரையிலான காலம் இரண்டு மலைப்பாதைகளுக்கும் ஏற்றது. குழுவிலிருந்து இருவராகப் போனால், ஆசிரியர் திருத்திய அமர்வு முறையைத் திரும்பி வந்து மற்றவர்களுக்கும் சரியாகக் காட்டலாம். ஒருவர் மறந்ததை இன்னொருவர் நினைவூட்டுவார். கிளம்பும் வாரத்துக்கு அறைச்சாவியையும் மணியையும் யார் பொறுப்பில் விடுவது என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்.